கீழக்கரை வீட்டுப் பாட்டுப்பெட்டி: பழைய பிளேயரிலிருந்து புதியதற்கு ஒரு சேகரிப்பு போன கதை

பின்னணி

கீழக்கரையில் கடற்கரையிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளி இருக்கிற பழைய வீடு. வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. தெருவில் எல்லாரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். துபாயில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு 2012-ல் ஊரோடு வந்துவிட்டவர். அதற்கு முந்தைய வருஷம் அங்கே வாங்கிய ஒரு மியூசிக் பிளேயரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சி.டி.யைப் போட்டால் உள்ளே இருக்கும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்கில் தானே பதிந்துகொள்ளும். கம்ப்யூட்டர் வேண்டாம். ரிமோட்டும் சின்னத் திரையும் போதும். அந்தக் காலத்தில் இது பெரிய வசதி.

சேகரிப்பில் மூன்று வகை இருந்தது. முதலாவது, அவர் காசு கொடுத்து வாங்கிய சி.டி.க்கள். இவற்றைப் பிளேயர் ஃபிளாக் வடிவில், ஒலி குறையாமல் சுருக்கி வைத்திருந்தது. நாகூர் ஹனிபா, சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன், நாகஸ்வரத்தில் ஷேக் சின்ன மௌலானா. ஹனிபா ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்பதை ஹாஜியார் எனக்கு ஒரு தடவைக்கு மேல் ஞாபகப்படுத்தினார். இரண்டாவது, சொந்தக்காரர்கள் பென்டிரைவில் கொடுத்த எம்பி3 பாட்டுகள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம், ஒழுங்கில் இவைதான் மோசம்.

மூன்றாவது வகை பாட்டே இல்லை, பேச்சு. எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் கேசட்டில் பேசிப் பதிந்து கொடுத்தனுப்புவது இந்தக் கடற்கரை ஊர்களில் சாதாரணம். டெலிஃபோனுக்கு ஆகிற காசு அப்படி. கடிதம் எழுதத் தெரியாத உம்மாமார்களுக்கு இதுதான் கடிதம். ஹாஜியாரின் உம்மா பேசி அனுப்பிய கேசட்டுகளை அவருடைய மூத்த மகன் ஒரு லீவில் உட்கார்ந்து எம்பி3 ஆக்கி இதே பிளேயரில் ஏற்றியிருந்தார். அப்புறம் வீட்டை வெள்ளையடித்தபோது பூசணம் பிடித்த கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். உம்மாவும் இப்போது இல்லை. ஆக, அந்தக் குரல் உலகத்தில் இருந்தது இந்த ஒரே டிஸ்கில்தான்.

ராமநாதபுரத்தில் ஆடியோ, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் 2023 ஆடி மாதம் ஹாஜியாரின் மகள் என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, வாப்பா பொட்டியப் போட்டா பாதிப் பாட்டுல நிக்குதுங்கிறாங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க.”

முதலில் கண்டது

பிளேயர் எல்லாப் பாட்டிலும் நிற்கவில்லை. குறிப்பிட்ட சில பாட்டுகளில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது. மற்றவை ஒழுங்காக ஓடின. சுவிட்ச் போட்டால் திரையில் பெயர்கள் வர முன்பைவிட மிக அதிக நேரம் எடுத்தது. ஆம்ப்பிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு என்றால் பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் இருக்காது. ஒரே பாட்டின் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் சந்தேகம் டிஸ்க்கின் மேல்தான் போகும்.

பெட்டியின் பின்பக்கம் இன்னொரு விஷயம் சொன்னது. லேன் சாக்கெட்டின் தகடுகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. முன்னால் இருந்த யுஎஸ்பி சாக்கெட்டின் உறை துருப்பிடித்து, பென்டிரைவ் செருகினால் நரநரவென்றது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பியே உப்புப் பூத்துக் கிடக்கும். பெட்டிக்குள் ஒரு சின்ன மின்விசிறி வேறு இருந்தது. சூட்டைத் தணிக்க அது உள்ளே இழுத்ததெல்லாம் இந்த உப்புக் காற்றைத்தான்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, ஆனால் உபயோகமில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் மகன் பிளேயரின் மெனுவில் இருந்த பேக்கப் வசதியைக் கொண்டு ஒரு வெளி டிஸ்கில் எடுத்து வைத்திருக்கிறார். அதைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் பாட்டு ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லாம் அந்தக் கம்பெனியின் சொந்த வடிவில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தது. அதே மாடல் பிளேயரில் போட்டால்தான் அவிழும். அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்தி வெகுநாளாகிறது. இந்த மாதிரிப் பிளேயர் வைத்திருப்பவர்கள் தங்கள் பேக்கப்பை ஒரு தரம் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஒரு பாட்டாவது தனியாக ஓடினால்தான் அது பேக்கப்.

நெட்வொர்க் வழியாக எடுக்கலாமா என்று மகளின் விண்டோஸ் லேப்டாப்பிலும் பார்த்தேன். பிளேயர் கண்ணுக்கே தெரியவில்லை. இந்தப் பழைய பெட்டிகள், நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்எம்பி என்ற முறையின் முதல் பதிப்பில் மட்டும் பேசும். 2017-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 புதுப்பிப்பு முதல், பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் தானாக நிறுவுவதில்லை. வேண்டுமென்றால் நாமே இயக்கிக்கொள்ளலாம். ஆனால் டிஸ்கே நோயாளியாக இருக்கும்போது அந்த வழியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. காரணம் கீழே வருகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடாமல் இருப்பது. ஹாஜியாருக்கு இது பிடிக்கவில்லை. “ஓடுற வரைக்கும் ஓடட்டுமே தம்பி” என்றார். உம்மாவின் கேசட்டுகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று மகள் ஞாபகப்படுத்தியதும் அவரே எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார்.

இரண்டாவது, டிஸ்க்கை வெளியே எடுத்துப் படிப்பது. கழற்றி லேப்டாப்பில் மாட்டி, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பைப் பார்த்தோம். அதில் 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களை (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகளை) காட்டும். 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களைக் காட்டும். இந்த டிஸ்கில் இரண்டுமே பூஜ்யமாக இல்லை. ஆனால் டிக் டிக் என்ற சத்தம் எதுவும் இல்லை. தலைப்பகுதி அடிவாங்கிய டிஸ்க் அப்படிச் சத்தம் போடும். அது கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தி, டேட்டா மீட்பு செய்கிறவர்களிடம் அனுப்பியிருப்போம்.

மூன்றாவது முடிவைப் பற்றி இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கெட்டுப்போகும் டிஸ்க் கையில் வந்தால் ஃபைல்களைத் தொடாதே, முதலில் முழு டிஸ்க்கையும் அச்சு அசலாக ஒரே ஃபைலில் பிம்பமாக எடு என்பார்கள். பொதுவாக அது சரிதான். இங்கே நான் முதலில் குரல் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துவிட்டு அப்புறம் பிம்பத்துக்குப் போனேன். குரல் ஃபோல்டர் மூன்று ஜிபிக்கும் குறைவு, சில நிமிஷ வேலை. பிம்பம் எடுக்கும் வேலையோ மணிக்கணக்கில் ஓடும், அதற்குள் டிஸ்க் படுத்துவிட்டால் முதலில் போவது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். மற்ற பாட்டுகள் கடையிலோ இணையத்திலோ கிடைக்கும். உம்மாவின் பேச்சு கிடைக்காது. டிஸ்க் டிக்டிக்கென்று சத்தம் போட்டிருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

ஒரு சின்னக் குறிப்பு, ஆனால் முக்கியமானது. பிளேயரின் உள்ளே ஓடியது லினக்ஸ், டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பு எக்ஸ்ட்3. அதை லினக்ஸ் லேப்டாப்பில் ‘படிக்க மட்டும்’ என்று இணைத்தாலும், முன்பு சரியாக அணைக்கப்படாமல் இருந்தால், ஜர்னலை (பாதியில் நின்ற மாற்றங்களின் பதிவேட்டை) சரிசெய்வதற்காக டிஸ்கில் எழுதிவிடும். ‘நோலோட்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால் எழுதாது.

குரல் ஃபோல்டரில் ஒரு ஃபைல் தவிர மற்றதெல்லாம் முழுசாக வந்தது. அந்த ஒன்று படிக்க முடியாமல் பாதியில் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பிம்பத்துக்குப் போனோம்.

பிம்பம் எடுக்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். சாதாரண நகல் என்றால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே மோதிக்கொண்டு நிற்கும். நெட்வொர்க் வழியை நான் விட்டதற்கும் அதுதான் காரணம். டிடிரெஸ்க்யூ நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு வரைபட ஃபைலில் குறித்து வைத்துக் கடைசியில் திரும்ப வரும். நடுவில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, தனி அடாப்டரில் இருந்த வெளி டிஸ்க் அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் வரைபட ஃபைல் இருந்த தைரியத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

முடிவில் வெகு சில செக்டர்கள்தான் வரவே இல்லை. அவை எந்தெந்தப் பாட்டில் விழுந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. டிடிரெஸ்க்யூவிலேயே நிரப்பும் முறை என்று ஒன்று இருக்கிறது. படிக்க முடியாத இடங்களையெல்லாம் நாம் கொடுக்கும் ஒரு அடையாளச் சொல்லால் நிரப்பச் சொல்லலாம். அப்புறம் பிம்பத்தைத் திறந்து எந்த ஃபைலுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால் போதும். ஒரு கைக்கு அடங்குகிற அளவு சினிமாப் பாட்டுகளும், அந்த ஒரு குரல் ஃபைலும் மாட்டின.

புதிய பிளேயர்

இதில் வீட்டில் சற்றே வாக்குவாதம். துபாயில் இருக்கும் மகன் பெரிய கம்பெனி நெட்வொர்க் பிளேயர் ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். ஹாஜியார் கேட்டது ஒன்றே ஒன்று: “கெட்டுப்போனா நம்ம ஊர்ல ரிப்பேர் பண்ண முடியுமா?” அந்தக் கேள்விக்குத்தான் கடைசியில் எல்லாரும் கட்டுப்பட்டோம்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை, அதில் இலவசமாகக் கிடைக்கும் மியூசிக் மென்பொருள், பாட்டுகளுக்கு ஒரு எஸ்எஸ்டி, ஒலிக்கு யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் சின்னக் கருவி). டாக்கிலிருந்து பழைய ஆம்ப்புக்கு வயர். அந்தப் பலகையில் இருக்கும் 3.5 மி.மீ. துளையிலிருந்து நேராக எடுத்தால் ஒலி சுமார்தான், அதனால் டாக் தேவை. பலகையை விசிறி இல்லாத அலுமினியப் பெட்டியில் அடைத்தோம். பெட்டியே சூட்டை வாங்கி வெளியே விடும், உப்புக் காற்றை உள்ளே இழுக்க வழி இல்லை. எஸ்டி கார்டில் மென்பொருள் மட்டும். திடீரென்று கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெட வாய்ப்பு உண்டு, பாட்டு அதில் இருக்கக் கூடாது. பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். எந்தப் பாகம் போனாலும் மதுரையில் வாங்கி மாற்றிவிடலாம். பாட்டு இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்கும். பழைய பெட்டியின் பேக்கப் மூட்டையைப் பார்த்த பிறகு எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

மாற்றம் நடந்த வழி

பிம்பத்திலிருந்து பாட்டுகளை ஒரு வெளி டிஸ்கில் எடுத்து, சென்னையில் கல்லூரியில் படிக்கும் பேரனிடம் கொடுத்தோம். எம்பி3-களின் டேக்குகளை, அதாவது ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டு, பாடகர் பெயர்க் குறிப்புகளை, சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. வெளி டிஸ்க் விண்டோஸிலும் மேக்கிலும் படிக்க வேண்டும் என்பதற்காக எக்ஸ்ஃபேட் அமைப்பில் வைத்தோம். இங்கே முதல் சிக்கல் வந்தது. பழைய பிளேயரில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்ட பெயர்கள் சில இருந்தன. எக்ஸ்ஃபேட் இவற்றை அனுமதிக்காது. நகலெடுக்கும்போது வந்த பிழைப் பட்டியலைப் பார்த்து அந்தக் குறிகளை நீக்கிவிட்டு ஏற்றினோம். என்னென்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் குறித்தும் வைத்தோம்.

டேக் வேலை நினைத்ததைவிடக் கடினம். 2000-களின் தொடக்கத்தில் வந்த எம்பி3-களில் பெயர்கள் இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடில் இல்லை, டிஸ்கி, பாமினி என்ற பழைய முறைகளில் இருந்தன. திரையில் பார்த்தால் வெறும் குப்பை எழுத்து. என்எச்எம் கன்வெர்ட்டர் இவற்றில் பெரும்பாலானதைத் தமிழாக்கிவிட்டது. ஒலியைக் கேட்டே பாட்டைக் கண்டுபிடிக்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டையும் பேரன் முயன்று பார்த்தார். பல பழைய பாட்டுகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. ஹாஜியாருக்கு ஆங்கில எழுத்தில் பாட்டுப் பெயர் வேண்டாம். ஆகவே அதைக் கைவிட்டு, பேரன் ஃபோனில் பாட்டைப் போட்டுக் காட்ட, தாத்தா பெயர் சொல்ல, பேரன் அடித்தார். இந்த வேலை முடிய வெகுநாள் ஆனது. இருவருக்கும் அது பிடித்திருந்தது என்று மகள் சொன்னார்.

பேரன் வைத்திருந்தது மேக் லேப்டாப். வசதிக்காக எல்லாவற்றையும் தன் சொந்த வெளி டிஸ்க் ஒன்றுக்கு மாற்றி அதில் வேலை செய்தார். அது ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பில் இருந்தது. வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது மேக்கிலிருந்தே ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் புதிய பிளேயரின் எஸ்எஸ்டிக்கு ஏற்றினார். சில பாட்டுகள் பெயர் நீளம் என்று மறுக்கப்பட்டன. பாடகர், படம், வருஷம் எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே சேர்த்திருந்ததால் வந்த வினை. மேக்கில் ஒரு பெயருக்கு 255 குறிகள் (யூனிகோடில் தனி எண் உள்ள எழுத்துத் துண்டுகள்) வரை போகலாம், லினக்ஸின் எக்ஸ்ட்4-ல் 255 பைட்தான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் என்பதால் 85 குறிக்கு மேல் தாங்காது. அதிலும் ‘கி’ போன்ற உயிர்மெய் ஒன்றுக்கே இரண்டு குறி செலவு. வருஷத்தை டேக்கில் மட்டும் விட்டு, பெயரைச் சுருக்கியதும் ஏறிவிட்டது.

கோவிந்தராஜனைக் காணோம்

ஹாஜியார் பாட்டுக் கேட்பது பட்டியல் வழியாகத்தான். ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகை) பிறகு ஒரு பட்டியல், அசருக்கு (மாலைத் தொழுகை) பிறகு ஒன்று, நாகஸ்வரத்துக்குத் தனியாக ஒன்று. பத்து வருஷத்துக்கு மேல் ரிமோட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்து உண்டாக்கியவை. பழைய டிஸ்கில் இவை எம்3யு என்ற சாதாரண எழுத்து ஃபைல்களாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒவ்வொரு வரியிலும் பாட்டு இருக்கும் ஃபோல்டர் வழி. அந்த வழியின் முன்பகுதியைப் புதிய எஸ்எஸ்டிக்கு ஏற்ப மாற்றி, தாளில் குறித்து வைத்த கேள்விக்குறி, முக்காற்புள்ளி மாற்றங்களையும் செய்து ஏற்றினோம்.

ஃபஜ்ர் பட்டியல் முழுதும் ஓடியது. ஹனிபா பாட்டு ஒன்றுகூட விடுபடவில்லை. ஹாஜியார் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்த பட்டியலைப் போட்டதும் முகம் மாறியது.

“தம்பி, கோவிந்தராஜனைக் காணோமே.”

சீர்காழி கோவிந்தராஜன் அடியோடு இல்லை. டி.எம்.எஸ். பாட்டுகளும் இல்லை. சின்ன மௌலானாவின் நாகஸ்வரமும் இல்லை. ஆனால் ஃபோல்டருக்குள் நேரே போய்ப் பார்த்தால் எல்லாம் இருந்தன, போட்டால் ஓடின. பட்டியலில் இருந்த பெயரையும் ஃபைலின் பெயரையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு எழுத்து மாறவில்லை.

தொலைந்தவை எவை என்று எழுதிப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. கோவிந்தராஜனில் கோ. சௌந்தரராஜனில் சௌ. மௌலானாவில் மௌ. பாடகர் பெயரில் தப்பித்த சில பாட்டுகளும் பாட்டின் முதல் சொல்லில் கொ, போ, தோ என்று இருந்தால் மாட்டியிருந்தன. ‘நாகூர் ஹனிபா’வில் அந்த வகை எழுத்து கிடையாது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் ‘கோ’ எழுதக் கற்றபோது இரட்டைக்கொம்பு, க, கால் என்று மூன்றாகப் போட்டோம். யூனிகோடில் கொம்பையும் காலையும் சேர்த்த முழு ஓகாரக் குறிக்கு ஒரே எண் உண்டு. அப்போது ‘கோ’ என்பது இரண்டு குறி. கொம்புக்குத் தனி எண், காலுக்குத் தனி எண் என்றும் எழுதலாம். அப்போது மூன்று குறி. ஒகரமும் ஔகாரமும் இப்படியே. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது, திரையிலும் ஒன்றாகவே தெரியும். ஆனால் ஃபைலைத் தேடும் லினக்ஸுக்கு இந்த விதி பற்றிக் கவலையில்லை. பைட்டுக்குப் பைட் பொருந்தினால்தான் அதே பெயர்.

எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு, ஃபைல் பெயர் எப்படி வந்தாலும் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். பேரனின் டிஸ்கில் போய்த் தங்கிய கணத்திலேயே கோ, கொ, சௌ எல்லாம் பிரிந்துவிட்டன. ஆர்சிங்க் அதை அப்படியே எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோனது. பட்டியல் ஃபைலின் உள்ளே இருந்த எழுத்தை யாரும் தொடவில்லை, அது பழைய சேர்ந்த வடிவிலேயே இருந்தது. அதனால்தான் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் நின்றன. பெயர் நீளச் சிக்கலிலும் இதற்குப் பங்கு உண்டு. பிரிந்த ‘கோ’ 9 பைட், சேர்ந்த ‘கோ’ 6 பைட்.

திருத்துவது எளிது. எஸ்எஸ்டியை லினக்ஸில் மாட்டி, கன்வ்எம்வி என்ற கருவியால் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றினோம். இந்தக் கருவி, சொல்லாமல் எதையும் மாற்றாது. முதலில் என்ன மாற்றப்போகிறது என்று மட்டும் காட்டும். அதை ஒரு தரம் ஓடவிட்டுப் படித்துப் பார்த்த பிறகே நிஜ மாற்றத்துக்கு அனுமதி கொடுத்தோம். நிமிஷங்களில் முடிந்தது. பட்டியலைப் போட்டதும் கோவிந்தராஜன் வந்தார்.

சௌந்தரராஜன் முழுதாக வரவில்லை. அவருடைய பாட்டுகள் இரண்டு பாடகர் பெயர்களின் கீழ் பிரிந்து கிடந்தன. இது கருவி செய்தது இல்லை, மனிதர்கள் செய்தது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டு ‘செளந்தரராஜன்’ என்று அடிக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அச்சுப் பத்திரிகைகளிலேயே பார்க்கலாம். அது யூனிகோடுக்கும் வேறு எழுத்து, வேறு சொல். எந்த வடிவ மாற்றமும் அதைச் சேர்க்காது, கையால்தான் தேடி மாற்ற வேண்டும். யேசுதாஸும் ஜேசுதாஸும் வேறு இருந்தார்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அகர வரிசையும் அகராதி வரிசைப்படி வரவில்லை. புள்ளிக்கு யூனிகோடில் உயிர்க்குறிகளுக்குப் பிந்தைய எண் என்பதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்குப் பின்னால் போய் நின்றது. பட்டியல் வழியே கேட்பவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

சரிபார்த்ததும் கிடைக்காமல் போனதும்

ஃபிளாக் ஃபைல்களைச் சோதிப்பது நிம்மதியான வேலை. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் மூல ஒலியின் எம்டி5 கையெழுத்து இருக்கும். சோதனைக் கட்டளை கொடுத்தால் தானே அவிழ்த்து, ஒப்பிட்டுச் சொல்லிவிடும். டேக்கை மாற்றினாலும் அந்தக் கையெழுத்து மாறாது. எம்பி3-க்கு இந்த வசதி கிடையாது. டேக்கைத் தொட்டால் ஃபைலின் கூட்டுத்தொகையே (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாறிவிடும். ஆகவே எம்பி3-களுக்குப் பிம்பத்திலிருந்து எடுத்தவுடன், பேரனிடம் கொடுக்கும் முன்பே, எஸ்எச்ஏ-256 என்ற கூட்டுத்தொகைப் பட்டியல் எடுத்து அப்போதே ஒப்பிட்டுக்கொண்டோம்.

கெட்ட செக்டரில் மாட்டிய சினிமாப் பாட்டுகளுக்கு மூல சி.டி.க்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. துடைத்துப் போட்டதும் படித்தன. குரல் ஃபைல் ஒன்றில் மட்டும் ஒரு செக்டர் வரவே இல்லை. இந்த டிஸ்கில் ஒரு செக்டர் 4,096 பைட். அந்தப் பதிவு விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் செய்யப்பட்டது, அதாவது விநாடிக்கு 8,000 பைட். கணக்குப் போட்டால் போனது அரை விநாடி. எம்பி3 துண்டு துண்டாக ஓடுகிற வடிவம் என்பதால் மீதிப் பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சொல்லின் நடுவில் சின்னதாக ஒரு கிறீச், அவ்வளவுதான். அதைச் சத்தமில்லாமல் ஆக்கித் தரட்டுமா என்று கேட்டேன். ஹாஜியார் இரண்டு தடவை கேட்டுவிட்டு, “உம்மா ‘மழை’ன்னு சொல்றாங்க, தெரியுது. அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

தமிழ்ப் பெயர் கொண்ட சேகரிப்பு என்றால், டேக் வேலையைத் தொடங்கும் முன்பே ஃபைல்களையும் பட்டியல்களையும் புதிய பிளேயரில் ஏற்றி, எல்லாப் பட்டியலும் ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கோளாறு ஒன்றிருந்தால் அப்போது அது ஒன்றுதான் இருக்கும். இங்கே பெயர் மாற்றமும் அமைப்பு மாற்றமும் ஒரே நேரத்தில் கலந்ததால்தான் கோவிந்தராஜனைத் தேடுவது சிரமமானது. சோதனைக்கு ஒரு சின்ன ஃபோல்டர் போதும். அதில் கொ, கோ, கௌ, கேள்விக்குறி, நீளமான பெயர் எல்லாம் இருக்கும்படி ஒவ்வொரு பாட்டை எடுத்துப் போட்டு அனுப்பிப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல் முதல் நாளே வெளிவந்துவிடும். இப்போது வரும் வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் செய்கிறோம்.

டேக் வேலையை எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்கில் செய்யாமல், கொடுத்த எக்ஸ்ஃபேட் டிஸ்கிலேயே செய்வது. எந்தக் கம்ப்யூட்டரில் செய்தாலும் பிளேயரின் எஸ்எஸ்டிக்கு ஏற்றுவதை லினக்ஸிலிருந்து செய்வது.

குரல் பதிவுகளை முதலில் எடுத்த முடிவை மாற்ற மாட்டேன். ஆனால் வீட்டில் பேக்கப் எடுக்கும்போதே குரலையும் பாட்டையும் தனித்தனி டிஸ்கில் வைக்கச் சொல்வேன். குரல் மூன்று ஜிபிதான், ஒரு பென்டிரைவில் அடங்கும், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இப்போது அந்த ஃபோல்டர் துபாயில் மகனிடமும் சென்னையில் பேரனிடமும் இருக்கிறது. முழுச் சேகரிப்பின் நகல் ஒன்று மகள் வீட்டு அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்குப் பேரன் ஊருக்கு வரும்போது அதை மாட்டி, அந்த நகலுக்கான கூட்டுத்தொகைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாக்கெட்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து வைப்பதாக ஏற்பாடு. ‘செளந்தரராஜன்’ பெயரில் கிடக்கும் மீதிப் பாட்டுகளைச் சரிசெய்வதையும் அந்த லீவுக்கே தள்ளி வைத்திருக்கிறார்.